தரை தொடாத தாய்மாமன்

கொழிஞ்சிப்புதூர் நல்லமங்கை மஹாலில், யாழினியின் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நடந்த வரவேற்பில், பெண்ணின் தாய்மாமன் சென்னியப்பன் இடுப்பில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு ஆடினார் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் இன்றுவரை சந்தேகம் கிடையாது. அதே நேரத்தில் அவர் ஒன்றரை மைலுக்கு அப்பால் தன் தோட்டத்து வீட்டு வாசலில் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, அந்தத் துண்டைப் பற்றித்தான் மேற்கொண்டு பேசுவார்கள்.

படம் பிடித்தது அவருடைய மகள் கோகிலவாணி. சுற்றுவட்டாரப் பதினெட்டு ஊரிலும் கல்யாணப் படம் என்றால் அவள்தான். மேடையேறுகிற எவரையும், அவர் மில் முதலாளியே ஆனாலும், "தாடையை எறக்குங்க பெரியப்பா, மூச்சை உடுங்க, படம்தான் எடுக்கறேன், ஊசி போடல" என்று அதட்டி நிற்க வைப்பாள். அத்தை மகள் யாழினியின் கல்யாணத்துக்கு அவள் எப்படிப் போனாள் என்பது தனிக் கதை. அப்பாவும் அத்தை குடும்பமும் பேசிப் பதினொரு வருஷம் ஆகிறது. அத்தை மயிலாத்தாள் ஆள் மூலம் படம் பிடிக்க மட்டும் கேட்டனுப்பியபோது, சென்னியப்பன் மூன்று நாள் யோசித்துவிட்டு, "தொழிலுக்குப் போ. உறவுக்குப் போகாதே. கை நனைக்காதே" என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே கோகிலவாணி கேமரா பையோடு ஒரு தூக்குப்போசியில் தயிர்சாதமும் கொண்டு போயிருந்தாள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது என்னவென்றால், யாழினி வயதுக்கு வந்தபோது செய்த சீருக்கு அழைக்க அத்தையின் வீட்டுக்காரர் குழந்தைசாமி பத்திரிகை கொண்டு வந்தார். புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, வெற்றிலை பாக்குத் தட்டத்தில் பத்திரிகையை வைத்து, கையில் கொடுத்து அழைப்பதுதான் முறை. அவர் தனியாக வந்தார். சென்னியப்பன் காட்டில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். குழந்தைசாமிக்கு அன்றைக்குள் இன்னும் நாற்பது வீடு பாக்கி, வாசலில் கிடந்த கயிற்றுக் கட்டிலின் மேல் பத்திரிகையை வைத்துவிட்டு மொபெட்டை முறுக்கிக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்த சென்னியப்பன் கட்டிலையும் பத்திரிகையையும் வெகுநேரம் பார்த்தார். "எனக்கு வெக்கல. கட்டிலுக்குத்தான் வெச்சிருக்காங்க. கட்டிலே போகட்டும்" என்றார். சீர் அன்று காலையில் கட்டிலைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு டெம்போவில் ஏற்றி அனுப்பியும் விட்டார். தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தில் சாயங்காலம் வரை அந்தக் கட்டில் இருந்தது. யாரோ விளையாட்டாக அதற்கு மாலைகூடப் போட்டார்கள். அவமானம் தாங்காத குழந்தைசாமி நாலு பேர் முன்னால் வார்த்தையை விட்டார், அது சென்னியப்பன் காதுக்கு வந்தது. அவர் எல்லை முனியப்பன் கோயிலுக்கு நேராகப் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனி அவங்க வெக்கிற எந்த விசேசத்துலயும் என் கால் தரையில பட்டுதுன்னா, அந்தக் கால் வெளங்காமப் போகட்டும்" என்று சத்தியம் செய்துவிட்டார்.

நாளைக்குக் காலையில் முகூர்த்தம். அதற்கு முன் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டும். அதற்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தரை மயிலாத்தாள் ஏற்பாடு செய்திருந்தாள். ஏற்பாடு செய்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கோகிலவாணிக்கு இது தெரியும். அப்பா இரண்டு நாளாகப் பெட்டியைத் திறந்து தன் பட்டு வேட்டியை எடுத்துப் பார்த்துப் பார்த்து மடித்து வைத்துக்கொண்டிருந்ததும் தெரியும். இரண்டு பேரையும் ஒரே இடத்தில் பார்த்துவிட மாட்டோமா என்று அவளுக்கு ஏக்கமாக இருந்தது. ஆனால் வந்தது தொழிலுக்கு.

வரவேற்பில் டான்ஸ் ஃப்ளோர் போட வேண்டும் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் ஆசை. அந்த ஊருக்கு அது முதல் தடவை. கோயம்புத்தூரிலிருந்து லாரியில் கண்ணாடிச் சதுரங்கள் வந்து இறங்கி, ஒன்றோடொன்று பூட்டப்பட்டு, அடியில் பச்சையும் ஊதாவுமாக விளக்கு எரியத் தொடங்கியதும், ஊர்க்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தார்கள். ஒருவர் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நடுவில் எலுமிச்சம்பழம் ஒன்றும் வைக்கப்பட்டது. ஆடத்தான் யாரும் ஏறவில்லை. மாப்பிள்ளையோடு படித்த ஏழெட்டுப் பேர் மட்டும் ஏறிக் குதித்தார்கள். மற்ற எழுநூறு பேரும் நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்து, இழவு வீட்டில் இருப்பவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, பாட்டு முடிந்ததும் "நல்லாத்தான் இருக்குது" என்றார்கள். பாட்டுச் சத்தமோ மண்டபத்தில் நிற்காமல், கூரையைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, சோளக்காட்டையெல்லாம் தாண்டி, சென்னியப்பன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் வளையம் வளையமாக எழும்பிக்கொண்டிருந்தது.

கோகிலவாணியின் கேமரா எடுக்கிற படம் ஐந்து எண்ணுவதற்குள் மேடைக்குப் பக்கத்திலிருந்த எல்இடி திரையில் வந்துவிடும். முதல் படத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்தார்கள். இரண்டாவது படத்திலும் அவர்கள்தான். மூன்றாவது படத்தில், அவர்களுக்கு நடுவில், இடுப்பில் சிவப்புக்கரைத் துண்டும் வெற்று மார்பும், ஒரு கையில் எருமைக்குத் தண்ணீர் காட்டும் வாளியுமாக, சென்னியப்பன் துள்ளிக்கொண்டிருந்தார்.

யாரும் அலறவில்லை. "அட, சென்னியப்பன் வந்துட்டாப்ல" என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். "வரட்டும், வரட்டும். மேலுக்கு ஒரு சட்டை போட்டுட்டு வரக்கூடாதா?" என்றார் அடுத்தவர். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள், பிறகு தரையைப் பார்த்தார்கள். தரையில் அவர் இல்லை. அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆள் அளவுக்கு இடைவெளி மட்டும் இருந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் அந்த இடைவெளியில் மோதாமல் மரியாதையாக ஒதுங்கி ஆடினார்கள். அடுத்த படம் வந்தது, அதற்கடுத்தது வந்தது. ஒன்றில் வாளி தலைக்கு மேலே இருந்தது. இன்னொன்றில் வாளியைக் காணோம், இரண்டு கையும் காற்றில் பறை அடித்துக்கொண்டிருந்தன. மனிதர் வெட்கமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். கோகிலவாணி தன் இருபத்தொன்பது வயதில் அப்பா அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

சமையற்காரர் விஷயத்தைக் கேள்விப்பட்டு, "ஆடிட்டுப் பசியோட வருவாரு" என்று பந்தியின் முதல் வரிசையில் ஓர் இலையைப் போட்டுப் பரிமாறி வைத்தார். அரைமணி கழித்துப் பார்த்தபோது எல்லாம் அப்படியே இருந்தன, வடை மட்டும் இல்லை. வடையை எடுத்தது சென்னியப்பனா, பக்கத்து இலைக்காரரா என்று யாரும் துருவவில்லை. இதற்குள் ஒருவர் கோகிலவாணியின் அம்மா சாந்தாமணிக்குப் போன் போட்டு, ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்.

"ஏனுங்க, உங்க ஊட்டுக்காரரு எங்கீங்க?"

"இங்கதானுங்க. எருமைக்கித் தண்ணி காட்டிட்டு வந்து உக்காந்திருக்கறாரு."

"அவரு இங்க ஆடிட்டிருக்கறாருங்க."

"இருக்குமுங்க" என்றாள் சாந்தாமணி. "சாயங்காலத்துல இருந்து கால் ஒரு எடத்துல நிக்கல. நான் புடிச்சு அமுத்திப் பாத்தேன், என் கையும் சேந்து ஆடுதுங்க."

குழந்தைசாமி அதுவரை வாசலில் நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே வந்தவர், திரையைப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. நேராகக் கோகிலவாணியிடம் வந்தார்.

"அம்மிணி, உங்கப்பனைப் படத்துல ஒட்டி எங்கள நக்கல் பண்றயா? அன்னைக்குக் கட்டிலு, இன்னைக்குக் கிராபிக்ஸா? அத்தனையும் அழிச்சுப்போடு."

கோகிலவாணிக்கு ஆத்திரம் வந்தது. தான் எடுத்த படத்தில் ஒரு பருவைக்கூட அவள் அழித்ததில்லை; அதனால் கோபித்துக்கொண்ட மணப்பெண்கள் உண்டு. சொந்தக்காரர்கள் யார் கேட்டாலும் தொடவிடாத கேமராவை, அவள் கழுத்திலிருந்து கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள்.

"நீங்களே எடுங்க மாமா. இதா, இதை அமுத்துங்க. நான் கையக் கட்டிட்டு நிக்கறேன்."

அவர் அமுக்கினார். மண்டபமே வாய்விட்டு எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. படம் வந்தது. சென்னியப்பன் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், அவர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, அங்கவஸ்திரத்தின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குழந்தைசாமியும் இருந்தார்.

அன்று எழும்பிய சத்தத்தில் டிஜே பயந்துபோய்ப் பாட்டை நிறுத்திவிட்டார். குழந்தைசாமி இன்னும் ஒரு முறை அமுக்கிப் பார்த்தார். இந்த முறை இருவரும் எதிரெதிரே குனிந்து இடுப்பை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கேமராவைக் கழற்றி மெதுவாகக் கொடுத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "மாப்பிளைக்கு இடது கால் தப்பா உழுகுது" என்று மட்டும் சொன்னார். பதினொரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து 'மாப்பிளை' என்று வந்தது அன்றைக்குத்தான்.

மயிலாத்தாள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தாள். கல்யாணத்துக்கென்று எடுத்த மாம்பழக் கலர் பட்டில், தலை நிமிர்த்தி, தம்பியின் படத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். வெளிச்சம் அவள் விரலைச் சிவப்பாக்கியது.

"எளச்சுப் போயிட்டான் அம்மிணி" என்றாள் கோகிலவாணியிடம். "நெஞ்செலும்பு எண்ணலாமாட்ட இருக்குது. உங்கம்மா சோறு போடறாளா இல்லியா?"

கோகிலவாணி அழுதாள். அத்தை அவள் கையைப் பிடித்துப் பந்திக்கு இழுத்துப்போய், சென்னியப்பன் இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார வைத்தாள். உங்கப்பனே வந்து ஆடிட்டிருக்கறான், உனக்கென்ன வந்துது என்று கேட்டாள். கோகிலவாணி தயிர்சாதத்தைத் தூக்குப்போசியோடு மறந்துவிட்டு, மூன்று முறை சாம்பார் வாங்கினாள்.

சத்தியம் என்ன ஆகும் என்ற கேள்வியை ஊர் அதற்குப் பிறகுதான் எடுத்தது. ஆடிவிட்டாரே, கால் போய்விடுமோ? முனியப்பன் கோயில் பூசாரி வேலப்பன் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார், அவரைக் கையோடு கூட்டி வந்து திரைமுன் நாற்காலி போட்டார்கள். "மொதல்ல இருந்து போடு அம்மிணி" என்றார் அவர். கோகிலவாணி ஒவ்வொரு படமாகப் போட்டு, சென்னியப்பனின் பாதத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். நாற்பத்து மூன்று படம். எழுநூறு பேரும் கழுத்தை நீட்டிச் சென்னியப்பனின் பித்தவெடிப்பைப் பார்த்தார்கள். ஒரு படத்தில்கூட அவர் கால் தரையில் இல்லை. குறைந்தது நாலு விரற்கடை மேலே இருந்தது. ஒன்றில் ஒரு முழம். மனிதர் வந்ததிலிருந்து இறங்கவே இல்லை.

பூசாரி மீசையைத் துடைத்தார். "சாமி சந்து உட்டு வெச்சிருக்குது" என்றார். "தரையில பட்டாத்தான் குத்தம். படாம வந்தா, படாம நின்னா, படாமப் போனா, ஒண்ணும் ஆகாது. தூக்கிட்டு வாங்க."

விடிந்ததும் விடியாததுமாக ஒரு டெம்போவும் ஆறு பைக்கும் சென்னியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றன. அவர் வேப்பங்குச்சியோடு வெளியே வந்தார். கோகிலவாணி முதல் ஆளாக இறங்கிப் படத்தைக் காட்டினாள். எல்லாப் படத்தையும் பார்த்தார். "நானில்ல" என்றார். இன்னொரு முறை பார்த்தார். "நான்னா, வேட்டி கட்டிட்டுல்ல போயிருப்பேன்" என்றார். இதைச் சொல்லும்போதே அவர் கட்டியிருந்தது அந்தப் பட்டு வேட்டிதான் என்பதையும், இரவு அதிலேயே தூங்கியிருக்கிறார் என்பதையும் எல்லோரும் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி நின்றார்கள்.

குழந்தைசாமியும் மயிலாத்தாளும் தட்டத்தோடு முன்னால் வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், நடுவில் பத்திரிகை. முறைப்படி ஜோடியாக. குழந்தைசாமி தட்டத்தை நீட்டினார்.

"கட்டில் வர வேண்டாம் மாப்பிளை" என்றார். "நீ வா."

சென்னியப்பன் வேப்பங்குச்சியை வீசிவிட்டு, வாயைக் கொப்பளித்து, துண்டால் கையைத் துடைத்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்காவைப் பார்க்கவில்லை. பார்த்தால் உடைந்துவிடுவார் என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. அத்தையும் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சென்னியப்பன் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, சத்தியத்துக்கு என்ன வழி என்பது போல மகளைப் பார்த்தார். வழியைச் சொன்னாள்.

இப்படியாக, தாய்மாமன் சென்னியப்பன் நல்லமங்கை மஹாலுக்குள் நாலு பேர் தோளில் ஏறி நுழைந்தார். இடது காலை அழுத்திப் பிடித்திருந்தவர் குழந்தைசாமி. நாதஸ்வரக்காரர்கள் உற்சவ மூர்த்தி புறப்பாட்டுக்கு வாசிப்பதை வாசித்துவிட்டார்கள்; அவர்கள் மேல் தப்பில்லை. சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். ஒன்றுவிட்ட தம்பி மரியாதையாக ஒதுங்கிக்கொள்ள, மணவறையில் யாழினி மனைப்பலகை மேல் எம்பி நிற்க, சென்னியப்பன் தோள்மேலிருந்து தொங்கிக் குனிந்து, அவள் நெற்றியில் பட்டம் கட்டினார். முடிச்சு முதலில் காதுக்குப் போயிற்று. இரண்டாவது முறை சரியாக விழுந்தது. மாமா அழுத கண்ணீர் மணப்பெண்ணின் மூக்கில் சொட்டியது, அவள் தும்மினாள். கோகிலவாணி அத்தனையையும் எடுத்தாள்.

கட்டி முடித்தும் இறக்க முடியவில்லை. இறக்கினால் தரை. முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது, தாலி கட்டுவதைப் பார்க்காமல் போக அவருக்கும் மனமில்லை. தோள்கள் மாறின, அவர் மட்டும் இறங்கவில்லை. மயிலாத்தாள் அப்போதுதான் குங்குமத் தட்டத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள். தம்பிக்குப் பொட்டு வைக்கக் கையை உயர்த்தினாள். எட்டவில்லை. நுனிக்காலில் நின்று பார்த்தாள், அப்போதும் எட்டவில்லை. யாரோ நாற்காலி கொண்டு வரப் போனார்கள். சென்னியப்பன் மேலேயிருந்து அவளைப் பார்த்தார். அக்காவின் உச்சி வகிடு முழுக்க நரைத்திருந்தது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அதில் ஒரு வெள்ளைமுடி கிடையாது.

"எறக்கி உடுங்க" என்றார்.

"கால் போயிரும் மாப்பிளை" என்றார் குழந்தைசாமி கீழேயிருந்து.

"போனாப் போகுது. எறக்குங்க மச்சான்."

தயங்கித் தயங்கி இறக்கினார்கள். எழுநூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, சென்னியப்பனின் இரண்டு காலும் மண்டபத்துத் தரையைத் தொட்டன. தொட்டதும், வெட்டிய வாழை மாதிரி அவர் அப்படியே மடிந்து விழுந்தார்.

"போச்சு!" என்றார் பூசாரி. பெண்கள் பக்கம் ஒரே கூச்சல். சென்னியப்பன் தன் இடது காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்; அது வேறு யாருடைய காலோ போலக் கிடந்தது. கோகிலவாணி கேமராவைத் தூக்கி யார் கையிலோ திணித்துவிட்டு ஓடி வந்தாள்.

"நீ போய்ப் படத்தைப் புடி" என்று அதட்டினாள் மயிலாத்தாள். "இது என்ற சோலி."

குங்குமத் தட்டத்தைக் கீழே வைத்தாள். மாம்பழக் கலர் பட்டு கசங்கக் கசங்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சம்பந்தி வீட்டார் பார்க்க, ஐயர் பார்க்க, ஊர் பார்க்க, தம்பியின் இடது காலைத் தூக்கி மடியில் வைத்து, உள்ளங்காலிலிருந்து மேலுக்கு வரக்வரக்கென்று தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்த தேய்ப்பில் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே தேய்த்தாள், திட்டிக்கொண்டே தேய்த்தாள். "ஒரு மணி நேரமா நாலு பேரு அமுத்திப் புடிச்சுட்டிருந்தா மரத்துப் போகாம என்ன பண்ணும்? ரோசம் வந்தா எறங்கி நடந்து வந்து எங்கிட்டச் சண்டை போடத் தெரியாது உனக்கு? கட்டில அனுப்பறயாக்கும், கட்டில!"

"முகூர்த்தத்துக்கு நேரமாகுதுங்கம்மா" என்றார் ஐயர்.

"அது நிக்கட்டுஞ் சாமி."

கெட்டிமேளக்காரர்கள் குச்சியைத் தூக்கியபடியே நின்றார்கள். மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். முழங்கால் வரை தேய்த்து, திரும்ப உள்ளங்காலுக்கு வந்து, கட்டை விரலை ஒரு சுண்டு சுண்டினாள் மயிலாத்தாள்.

"சுருசுருன்னு ஏறுதா?"

சென்னியப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"ஏறுதுக்கா."

மயிலாத்தாள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவருடைய வலது காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.